சிலம்பும் சான்றும்

மதுரை மாநகரின் பெருமையைப் பேசுவோர் அதன் கோயிலைப் பேசுவர். கூடலில் தமிழ் வளர்த்த புலவரைப் பேசுவர். வையையின் வளத்தைப் பேசுவர். ஆயினும் அந்நகரத்தின் கதைகளுள் மாணவர் மறக்கலாகாத கதை பெருமையைக் கூறும் கதை அன்று. ஒரு பிழையைக் கூறும் கதை. ஆராயாமல் ஏற்ற ஒரு சொல்லால் ஓர் உயிர் போயிற்று; ஓர் அரசு சாய்ந்தது; ஒரு நகரம் எரிந்தது. அதனைக் கூறுவது சிலப்பதிகாரம்.

புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கோவலன், தன் மனைவி கண்ணகியின் காற்சிலம்புகளுள் ஒன்றை விற்பதற்காக மதுரைக் கடைத்தெருவுக்குச் சென்றான். அங்கு அவன் அரண்மனைப் பொற்கொல்லனைக் கண்டான். அப்பொற்கொல்லனோ அதற்கு முன்பே அரசியின் சிலம்பைக் கவர்ந்துகொண்டவன். தன் களவு வெளிப்படுமுன் பழியை வேறொருவன்மேற் சுமத்தக் காலம் பார்த்திருந்தவன். அவன் அரசனிடம் விரைந்தான். சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறினான். பாண்டியன் அப்பொழுது ஊடல் கொண்ட அரசியின் மாளிகையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தான். காவலரை அழைத்தான், சிலம்பு அக்கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்றான். விசாரணை அவ்வளவே.

அரசன் செய்த பிழை யாது? அவன் கொடியவன் அல்லன். கோவலன்மேற் பகை கொண்டவனும் அல்லன். செய்தி கொண்டுவந்தவன் யார், அச்செய்தியால் அவனுக்கு உண்டாகும் பயன் யாது, அவன் கூறுவதைக் கண்டானா, கருதினானா என்று அவன் கேட்கவில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது என்பது உண்மை. அது அரசியின் சிலம்பு என்பது உண்மை அன்று. முன்னதைக் கண்டவுடன் பின்னதையும் மெய்யென்று கொண்டதே பிழையாயிற்று. ஒரு சிலம்பை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாழிகை போதும். அந்த ஒரு நாழிகையை அரசன் கொடுக்கவில்லை.

கண்ணகி அரசவைக்கு வந்தபொழுது அவள் அழுததோடு நின்றுவிடவில்லை. சான்று காட்டினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசனே தன் வாயாற் கூறினான். அதன் பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. சோதனைக்கு முன்பே இரு திறத்தாரும் தத்தம் கூற்றைத் தெளிவாகச் சொன்னமையால், சோதனையின் முடிவை ஒருவராலும் மறுக்க இயலவில்லை. இக்காலத்து ஆய்வுக்கூடத்தில் பின்பற்றப்படும் நெறியும் இதுவே.

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிற் சேரும் மாணவர் விரைவில் பாண்டியன் அமர்ந்த இருக்கையில் அமர்வர். 'மதுரையின் தொன்மை' என்றோ, 'வையைக்கரை ஊர்கள்' என்றோ ஒரு பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுமாறு ஆசிரியர் பணிப்பார். நூல்களும் நாளிதழ்களும் கைபேசித் திரையும் ஊர்ப் பெரியவரின் பேச்சும் ஆளுக்கொரு செய்தியைக் கொண்டுவந்து நிறுத்தும். அவற்றுள் கண்ணகியின் சொல்லும் இருக்கும். பொற்கொல்லன் சொல்லும் இருக்கும். இரண்டும் வெளித்தோற்றத்தால் வேறுபடுவதில்லை. ஆதலின் செய்தி திரட்டுதல் ஆராய்ச்சியின் பாதியே ஆகும். திரட்டிய செய்தியைத் தகுதி பார்த்துக் கொள்ளுதலும் தள்ளுதலுமே மற்றப் பாதி. அந்த இரண்டாம் பாதியைக் கைவிட்டவர் எழுதுவது எத்துணை நீண்டதாயினும் ஆராய்ச்சி ஆகாது.

சான்றுகள் இருவகைப்படும். ஒரு நிகழ்ச்சியின் காலத்திலேயே தோன்றியனவும், அதனை நேரிற் கண்டோர் எழுதியனவும் முதன்மைச் சான்றுகள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கடிதம், அகழ்ந்தெடுத்த பானையோடு முதலியவை இவ்வகையின. இவற்றைக் கொண்டு பிற்காலத்தார் எழுதிய வரலாற்று நூல்களும் கட்டுரைகளும் துணைச் சான்றுகள். முதன்மைச் சான்று என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. துணைச் சான்று என்பதனாலேயே ஒன்று தாழ்ந்துவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திக் கேள்வி கேட்டல் வேண்டும். எவ்வாறு கேட்பது என்பதை மதுரையைச் சூழ்ந்த நிலமே கற்பிக்கின்றது.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆங்காங்கே தனித்தனிப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நகருக்கு வடகிழக்கே மாங்குளத்தின் அருகே, மீனாட்சிபுரத்தை அடுத்து உள்ளது. அக்குன்றின் குகைகளில் சமணத் துறவியர் தங்கினர். அவர்களுக்காகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. வெட்டுவித்தோர் பெயர்கள் பாறையிற் பொறிக்கப்பட்டன. 1882 ஆம் ஆண்டில் ராபர்ட் சீவெல் என்னும் ஆங்கில அலுவலர் இவ்வெழுத்துகளைக் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்பது புலனாயிற்று. ஆனால் மொழி யாது? அசோகனின் பிராமிக் கல்வெட்டுகள் பிராகிருத மொழியில் அமைந்தவை. ஆதலின் தென்னாட்டுக் குகைகளில் உள்ளதும் அத்தகைய வடநாட்டு மொழியாகவே இருக்கும் என்னும் எண்ணம் அறிஞரிடையே இருந்தது.

1924 ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவ்வெண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பாறையில் உள்ளதையே பார்த்தார். ழ, ள, ற, ன என்னும் தமிழ் ஒலிகளுக்குரிய வடிவங்கள் அங்கு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். வட எழுத்தில் வரும் மெல்லோசை வல்லெழுத்துகள் அங்கு இல்லாமையையும் சுட்டினார். மொழி தமிழே என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. 1960களில் ஐராவதம் மகாதேவன் குகைகளுக்கே சென்று எழுத்துகளை நேரிற் பார்த்து, மைப்படிகளோடு ஒப்பிட்டு, அக்கல்வெட்டுகளுள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியர் பெயரைப் படித்தார். அக்கல்வெட்டு கணி நந்தன் என்னும் துறவிக்குச் செய்த அறத்தைக் கூறுகின்றது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவான நிகமத்தைக் கூறும் கல்வெட்டும் அங்கு உண்டு. கண்டறிந்த ஆண்டிற்கும், பெயர் தெளிவாகப் படிக்கப்பட்ட காலத்திற்கும் இடையே எண்பது ஆண்டுகள் சென்றன. அந்த எண்பது ஆண்டுகளிலும் பாறை மாறவில்லை. பார்ப்போரின் முன்முடிவே மாறிற்று.

இங்கு மாணவர் ஒருவர் மகிழ்ச்சியால் துள்ளி எழக்கூடும். 'சிலப்பதிகாரத்து நெடுஞ்செழியனின் கல்வெட்டு கிடைத்துவிட்டது. கதை வரலாறாயிற்று' என்று அவர் எழுதிவிடவும் கூடும். அவ்விடத்தில்தான் நிற்றல் வேண்டும். நெடுஞ்செழியன் என்பது பாண்டியர் குடியில் ஒருவர்க்கே உரிய பெயர் அன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்றும், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றும் புலவர்கள் அடைமொழி கொடுத்து வேறுபடுத்தியதே இதற்குச் சான்று. மாங்குளத்துக் கல்வெட்டில் ஆண்டு குறிக்கப்படவில்லை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு மகாதேவன் அதனைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினதாகக் கணித்தார். பெயர் ஒன்றாயிருத்தல் ஆள் ஒன்றாயிருத்தலுக்குப் போதிய சான்று ஆகாது. சிலம்பு ஒன்றுபோல் இருந்தமையால் அதே சிலம்பு என்று கொண்ட பாண்டியனின் பிழைக்கும், பெயர் ஒன்றாயிருத்தலால் அதே அரசன் என்று கொள்ளும் பிழைக்கும் வேறுபாடு இல்லை.

அவ்வாறாயின் சிலப்பதிகாரம் சான்று ஆகாதோ எனின், ஆகும். ஆனால் எதற்குச் சான்று என்பதை அறிந்து கொள்ளுதல் வேண்டும். அது காப்பியம், அரசவை நடவடிக்கைக் குறிப்பு அன்று. மதுரைத் தெருக்களின் அமைப்பு, கடைத்தெருவில் விற்ற பொருள், அக்கால மக்கள் அரசனிடம் எதிர்பார்த்த நீதி ஆகியவற்றை அறிய அது பெருஞ்செல்வம். இன்ன ஆண்டில் இன்ன அரசன் அரியணையில் உயிர்நீத்தான் என்று நிறுவுவதற்கு அது ஒன்றே போதாது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகு கலந்துகொண்டதாகக் காப்பியம் கூறும். கயவாகு என்னும் அரசன் ஒருவன் இருந்தான் என்று இலங்கையின் மகாவம்சமும் கூறும். ஆனால் அவ்விழாவைப் பற்றி அது கூறவில்லை. ஆகவே அரசன் இருந்தமைக்கு இரண்டாம் சான்று உண்டு. விழா நிகழ்ந்தமைக்கு அந்நூலிற் சான்று இல்லை. இவ்வளவு என்று அளந்து சொல்வதே நேர்மை.

காப்பியத்தின் பாடமே கூட ஆராய்ந்து பெறப்பட்டது என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இராது. எழுதியவர் பிழையும், செல்லரித்த இடங்களும் வேறு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாடம் வேறுபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டார். அவ்வாறு ஆராய்ந்து 1892 ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு அச்சிட்டார். பின்னர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபொழுது, அதில் வரும் பௌத்த சமயக் கருத்துகளை மளூர் ரங்காசாரியார் என்னும் அறிஞரிடம் கேட்டுத் தெளிந்தார். தமிழ்க்கடல் என்று போற்றத்தக்கவர், தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரைத் தேடிச் சென்றார். ஒரு துறையில் வல்லவர் எல்லாத் துறையிலும் வல்லவர் ஆகார் என்பதை அவர் தம் செயலால் உணர்த்தினார்.

நிகழ்ச்சிக்கு அண்மையில் இருந்தவர் எழுதியதை நம்பலாம் என்பர். அது பெரும்பாலும் நல்ல விதியே. ஆனால் அண்மை வேறு, நடுநிலை வேறு. மதுரையை நாயக்க மன்னர் ஆண்ட காலத்தில் ஏசு சபைப் பாதிரிமார் இந்நாட்டில் தங்கியிருந்தனர். அவர்களுள் ராபர்ட் தெ நொபிலி 1606 ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் காலத்தை அறிய, அச்சபையார் மேல்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் பெருந்துணை புரிகின்றன. போர், பஞ்சம், அரசியல் ஆகியவற்றை அவை அக்காலத்திலேயே பதிவு செய்தன. ஆயினும் அவற்றை எழுதியோர் சமயப் பணிக்கென வந்தோர். தம் பணியின் வெற்றியையும் இடர்களையும் தம் தலைவர்க்கு அறிவிப்பதே அவர்கள் நோக்கம். தெருவிற் கண்ட பஞ்சத்தை அவர்கள் எழுதுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அரண்மனைக்குள் நடந்ததாகப் பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதற்கு வேறொரு மதிப்பு உண்டு. ஒரே கடிதத்தின் இரு வரிகளுக்குள் இவ்வேறுபாடு அமைந்திருத்தல் கூடும்.

நெல்சன் என்னும் ஆங்கில அதிகாரி 1868 ஆம் ஆண்டில் மதுரை நாட்டைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் இக்கடிதங்களையும் உள்ளூர் ஏடுகளையும் செவிவழிக் கதைகளையும் பயன்படுத்தினார். 1924 ஆம் ஆண்டில் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதி வெளியிட்டபொழுது, அக்கடிதங்களிற் பலவற்றை மொழிபெயர்த்து நூலின் இறுதியிற் சேர்த்தார். படிப்போர் தம் முடிவை மட்டும் நம்பாமல், முடிவுக்கு அடிப்படையான சான்றையும் தாமே பார்த்துக்கொள்ளுமாறு வழி செய்தமை அதன் சிறப்பு. நம்பத்தகுந்த நூலின் அடையாளம் இதுவே. அது தான் வந்த வழியை மறைப்பதில்லை.

கல்லில் உள்ளதெல்லாம் மெய் என்று கருதுவோரும் உளர். கல் பொய் சொல்லாது. ஆனால் கல்லில் எழுதச் சொன்னவர் மிகைப்படுத்தக்கூடும். அரசர்களின் மெய்க்கீர்த்திகள் அவர்கள் புகழைப் பரப்புவதற்கென அமைந்தவை. 1216 ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி, அவன் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டியதைப் பெருமையாகக் கூறும். வென்றவன் கூற்றை மட்டும் படித்தவர் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டவர் ஆவர். சோழர் கல்வெட்டுகளையும் படித்து, ஊர்மக்கள் நிலம் விற்றதையும் வரி செலுத்தியதையும் கூறும் கல்வெட்டுகளையும் பார்த்த பின்னரே காலத்தின் முழு வடிவம் தெரியும்.

ஆவணமே போலியாக இருத்தலும் உண்டு. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவர்க்கு வழங்கியதாக ஓர் ஆவணம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மதிக்கப்பட்டுவந்தது. 1440 ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா என்னும் அறிஞர் அதன் இலத்தீன் நடையை ஆராய்ந்தார். அதிலுள்ள சொற்கள் கான்ஸ்டன்டைன் வாழ்ந்த நான்காம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை எனக் காட்டி, ஆவணம் போலி என்று நிறுவினார். மன்னரும் மதத்தலைவரும் ஏற்ற ஒன்றை ஒருவர் சொல்லின் வயதைக் கொண்டு வீழ்த்தினார். மொழி கற்கும் மாணவர்க்கு இதனினும் பெரிய ஊக்கம் வேண்டுவதில்லை.

அறிவியல் வந்த பின்னர் ஐயத்திற்கு இடமில்லை என்று கூறுவோரும் உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், கீழடி உள்ளது. அங்கு 2014-15 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. நான்காம் கட்டத்தில் எடுத்த கரித்துண்டுகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த மற்றொன்றின் காலம் கி.மு. 205 என்றும் 2019 ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறிற்று.

இதன் பொருளை நுணுகி அறிதல் வேண்டும். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமத்தைப் பெறுகின்றது. அதில் ஒரு சிறு பகுதி கரிமம்-14 என்னும் அழியும் வகை. மரம் மடிந்த பின் புதிதாகக் கரிமம் சேர்வதில்லை. உள்ள கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிப்பர். ஆகவே ஆய்வகம் கூறுவது அக்கரித்துண்டின் காலத்தை. அதனருகே கிடைத்த பானையோட்டின் காலத்தை அது நேரே கூறுவதில்லை. இரண்டும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை என்பதைத் தோண்டியவரின் குறிப்புகளே காட்டுதல் வேண்டும். எழுத்துப் பொறித்த ஓடுகளின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. முதலிரு கட்ட அகழாய்வின் அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025 ஆம் ஆண்டில் கேட்டதும், அறிக்கை எழுதியவர் தம் காலக்கணிப்பில் உறுதியாக நின்றதும் ஊரறிந்த செய்திகள். இவ்விடத்து மாணவர் செய்யத்தக்கது ஒரு கட்சியிற் சேர்ந்து முழங்குவது அன்று, அறிக்கையையே படிப்பது, எந்த முடிவு எந்தத் துண்டின்மேல் நிற்கின்றது என்று கேட்பது.

எண்ணிக்கையைக் கண்டு மயங்குதலும் ஆகாது. திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கவழி ஒன்று உண்டு என்னும் பேச்சு நகரத்தில் அடிக்கடி கேட்கப்படும். பத்துப் பேர் அதனைக் கூறலாம். 'நீர் அதனைக் கண்டீரா?' என்று ஒவ்வொருவரையும் கேட்டால், கண்டவரைச் சுட்டுவார். அவரோ மற்றொருவரைச் சுட்டுவார். பத்து வாய்களின் பின்னே நிற்பது ஒரே செவிவழிச் செய்தியாயின், அது பத்துச் சான்று அன்று, ஒரே சான்று. நூல்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு நூலைப் பார்த்து ஒன்பது நூல்கள் எழுதப்பட்டிருப்பின், முதல் நூலிற் புகுந்த பிழை பத்து இடங்களில் வாழும். ஒன்றையொன்று அறியாத இருவர் ஒரே செய்தியைக் கூறுவதே, பார்த்து எழுதிய பதின்மர் கூறுவதினும் வலிமையுடையது.

இக்காலத்தில் செய்தி வரும் வாயில் பெருகிவிட்டது. கைபேசியைத் தொட்டால் கட்டுரைகளும் படங்களும் காணொளிகளும் வந்து குவிகின்றன. செயற்கை நுண்ணறிவுப் பொறி, கேட்ட வினாவுக்குத் தடையில்லாத நடையில் விடை எழுதிக் கொடுக்கின்றது. இவை வேண்டா என்று விலக்குதல் அறியாமை. பழைய நூல்களின் படிகளையும் இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே படிக்க இயலுகின்றது. ஆனால் வாயில் புதிதாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் பழையனவே. எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்? எதனைக் கொண்டு அறிந்தார்? எந்நோக்கத்தோடு எழுதினார்? வேறு எவர் இதனை உறுதி செய்கின்றார்? பெயரும் நாளும் இல்லாமல் கைமாறி வரும் செய்திக்கு முதற் கேள்விக்கே விடை இல்லை. பொறி எழுதித் தரும் விடையில் இல்லாத நூலின் பெயரும் இடம்பெறுதல் உண்டு. நடை ஒழுங்காக இருத்தலால் செய்தியும் ஒழுங்காக இருக்கும் என்று எண்ணலாகாது. பொற்கொல்லனும் அரசன்முன் தடுமாறிப் பேசியவன் அல்லன்.

இணையக் கலைக்களஞ்சியம் போன்றவை ஆராய்ச்சிக்கு வாயிற்படி ஆகலாம், உள்ளறை ஆகா. அவை சுட்டும் நூலைத் தேடி எடுத்து, சுட்டிய செய்தி அங்கு உண்மையில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மதுரை மாணவர்க்கு அதற்கு இடம் குறைவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்ச் சங்கம் இந்நகரில் உள்ளது. 1966 ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் உள்ளது. 2023 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உள்ளது. மாங்குளத்துப் பாறையும் கீழடி அருங்காட்சியகமும் ஒரு நாளிற் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. கண்ணால் காணத்தக்கதைக் காணாமலே பிறர் சொற்கேட்டு எழுதுவோர்க்குச் சோம்பலன்றி வேறு காரணம் கூற இயலாது.

இவ்வாறு எல்லாவற்றையும் ஐயுற்றால் ஒரு வரியேனும் எழுத இயலுமோ என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. வையை மதுரை வழியே ஓடுகின்றது என்று எழுத எவரும் ஆவணம் தேட வேண்டுவதில்லை. செய்தியின் கனத்திற்கு ஏற்பவே சோதனையின் கனமும் அமைதல் வேண்டும். ஒருவர் பெயருக்கு இழுக்கு உண்டாக்கும் செய்தி, இதுவரை அறிந்தவற்றையெல்லாம் புரட்டும் செய்தி, ஒரு கூட்டத்தார்மேல் வெறுப்பை மூட்டும் செய்தி ஆகியவற்றுக்குக் கடுஞ்சோதனை வேண்டும். கள்வன் என்று ஒருவனைச் சுட்டும் செய்தி அத்தகையது. பெற்றோரையும் பெரியோரையும் பழைய நூலையும் கேள்வி கேட்டல் பணிவின்மை ஆகாதோ என்றும் சிலர் கூறுவர். ஆகாது. ஒரு நூலைப் படிக்காமலே போற்றுவதினும், படித்துக் கேள்வி கேட்டு அதன் உண்மையான அளவை அறிவதே அதற்குச் செய்யும் மரியாதை. சாமிநாதையர் சுவடியை ஐயுற்றது சிலப்பதிகாரத்தின்மேற் கொண்ட அன்பினாலன்றோ?

எல்லாச் சான்றுகளிலும் மிகுதியாக ஐயுறத்தக்கது, கேட்டவுடன் மனம் மகிழும் செய்தியே. அரசியின் ஊடலைத் தீர்க்கச் சென்றுகொண்டிருந்த பாண்டியனுக்கு, காணாமற்போன சிலம்பு கிடைத்தது என்னும் சொல் இனித்திருக்கும். இனித்தமையால் ஆராயவில்லை. தம் ஊர் தொன்மையானது, தம் முன்னோர் உயர்ந்தோர், தாம் முன்பே கொண்ட கருத்தே சரி என்று கூறும் செய்திகள் இன்றும் அவ்வாறே இனிக்கின்றன. கசக்கும் செய்தியை மனிதர் தாமாகவே சோதிப்பர். இனிக்கும் செய்தியைச் சோதிக்கவே பயிற்சி வேண்டும். கல்லூரி தரத்தக்க பயிற்சிகளுள் தலையாயது அது. மதுரைக்கு மெய்யான பெருமை போதிய அளவில் உண்டு. பொய்யான பெருமையை அதற்குக் கடனாகப் பெற்றுத்தர வேண்டுவதில்லை.

பாண்டியனைப் பற்றிக் கூறத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. மாணிக்கப் பரலைக் கண்டபொழுது அவன் வாதாடவில்லை. கண்ணகியின் வருகையைப் பழிக்கவில்லை. காவலர்மேற் குற்றம் சாற்றவில்லை. தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டான். சொல்லை ஆராயாமையால் கெட்டவன், சான்றைக் கண்டவுடன் பணிந்தமையால் இன்றும் மதிக்கப்படுகின்றான். தம் முடிவுக்கு மாறான சான்று கிடைக்கும்பொழுது ஆராய்ச்சியாளர் உயிரை விட வேண்டுவதில்லை. முடிவை விட்டாற் போதும். அதற்கு ஆயத்தமாக இருப்பவரே சான்றைத் தேடத் தகுதியுடையவர்.

கோவலனுக்கு மறுக்கப்பட்டது ஒரு நாழிகை. ஒரு செய்தியைக் கட்டுரையில் எழுதுமுன்னும், பிறர்க்கு அனுப்புமுன்னும், மேடையிற் பேசுமுன்னும் அந்த ஒரு நாழிகையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர், படிப்பில் மட்டும் அன்றி வாழ்விலும் நீதி வழுவாதவர் ஆவர்.